மாமா கொண்டுவந்த சாம்பிள்

பொங்கலுக்கு மறுநாள் காலை, ஊரில் மாமனார் வீட்டுக் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அவர் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன இடத்தில், சிமெண்டுத் தரையில் ஓர் ஈரக்கறை இருந்தது. ஓரம் மஞ்சளாகக் காய்ந்திருந்தது, நடுவில் பிசுபிசுப்பு. அந்தப் பிசுபிசுப்புக்குள் வெள்ளையாக நாலைந்து துகள்கள். வேறு யாராக இருந்தாலும் சோற்றுப் பருக்கை நசுங்கிக் கிடக்கிறதென்று நினைத்திருப்பார்கள். நான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து முகர்ந்து பார்த்தேன். கடலூரில் ஒரு சின்ன லேப்பில் பதினொரு வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். சளி, சீழ், ரத்தம் என்று மனித உடம்பிலிருந்து வருவதையெல்லாம் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எதைப் பார்த்தாலும் இது என்னவாக இருக்கும் என்று ஒரு சந்தேகம் முன்னால் வந்து நிற்கும்.

அன்றைக்கும் வந்தது. ஆனாலும் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். பண்டிகை வீட்டில் எதற்கு வம்பு என்று தோன்றியது.

எங்கள் கல்யாணம் மாமனார் பார்த்துச் செய்துவைத்ததல்ல. நான் தேவனாம்பட்டினத்துப் பெண், கடலோரத்தில் பிறந்தவள். அவர்கள் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் முந்திரியும் போடுகிற குடும்பம். என் கணவர் கடலூர் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் மாமா என்னிடம் நேராகப் பேசியது கொஞ்சம்தான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே மகனைப் பார்த்து, "அந்தப் புள்ள சாப்ட்டுச்சா" என்று கேட்பார். கோபம் என்று சொல்ல முடியாது. கண்ணால் அளந்துகொண்டே இருப்பார்.

ஊரிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் கணவரிடம் கேட்டேன்.

"உங்கப்பா கால்ல என்னா?"

"முள்ளு குத்துனது. பழசு."

"எவ்ளோ பழசு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெண்டு மூணு வருஷம் இருக்கும்."

"மூணு வருஷமா ஆறாத முள்ளுக் குத்தா?"

"நீ லேப்ப வுட்டு வெளில வரவே மாட்டியா" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு மாமியாரிடம் போனில் பேசிப் பேசித்தான் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மல்லாட்டை போட்ட கொல்லையில் வெறுங்காலோடு நடந்தபோது இடது பாதத்தில் முள் குத்தியது. முள்ளை எடுத்தாகிவிட்டது. மாதங்கள் கழித்து அந்த இடத்தில் ஒரு கட்டி வந்தது. பாதம் மெதுவாகத் தடித்துக்கொண்டே போய், ஒன்றிரண்டு இடத்தில் வாய் திறந்து நீர் கசிய ஆரம்பித்தது. வலி மட்டும் இல்லை. ஊரில் யானைக்கால் என்றார்கள். சிதம்பரத்தில் ஒரு தனியார் லேப்பில் சீழைக் கொடுத்துப் பார்த்ததில் டி.பி. என்று ரிப்போர்ட் வந்ததாம். ஆறு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். கால் அப்படியேதான் இருந்தது. இதையெல்லாம் எங்களிடம் சொல்லக்கூடாது என்று மாமியாருக்கு உத்தரவு. ஏன் என்று கேட்டேன். "அவுரு அப்பிடித்தான்" என்றார்.

மாசி மாதத்தில் கால் மோசமானது. கணவர் அவரைச் சிதம்பரத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். நான் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதைப் பார்த்ததும் மாமாவின் முகம் இறுகியது. வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பாதத்து எலும்புகள் பூச்சி அரித்த மரம் மாதிரி இருந்தன.

"டி.பி. மருந்துக்குக் கேக்கல. கேன்சராக்கூட இருக்கலாம். மேல பரவறதுக்கு முன்னாடி முழங்காலுக்குக் கீழ எடுத்துடறது சேஃப்" என்றார்.

"சார், சீழ மறுபடி எடுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"போன வருஷமே பாத்திருக்காங்களேம்மா. ரிப்போர்ட் ஃபைல்ல இருக்கு."

ஃபைலை வாங்கிப் பார்த்தேன். ஒரே பக்கம், அழகாக டைப் அடித்திருந்தது. சாம்பிள் எப்படி இருந்தது, துகள் இருந்ததா என்று ஒரு வரிகூட இல்லை. பெயர் சரி, ஊர் சரி. ஆண், பெண் என்கிற இடத்தில் பெண் என்று இருந்தது. இது மாமாவின் சீழா, வேறு யாரோ ஒரு பெண்ணுடையதா? அல்லது யாருடையதையுமே பார்க்காமல் அடித்த காகிதமா? தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். எங்கள் லேப்பிலும் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் அந்தக் காகிதத்தை நம்பி ஒரு மனிதர் ஆறு மாதம் மாத்திரை தின்றிருக்கிறார், இப்போது காலையும் கொடுக்கப்போகிறார்.

மாமா டாக்டரிடம், "யோசிச்சிச் சொல்றேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே வந்து கீழ வீதியில் ஒரு டீக்கடையில் நின்றோம். அவர் கணவரோடு தள்ளிப் போய் நின்றுகொண்டார். மாமியார் என் காதருகே வந்தார்.

"ஒன்னும் மனசுல வச்சிக்காத. காலு போயிட்டா கொல்லைக்குப் போவ முடியாது, நீங்க ரெண்டு பேரும் நெலத்த எழுதி வாங்கிடலாம்னு பாக்குறீங்கன்னு பேசிகினு இருக்காரு. அந்தப் புள்ள எதுக்கு லீவு போட்டுட்டு வந்துச்சுங்கறாரு."

நான் அவர் காலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, அவர் என்னை இவ்வளவு தூரம் சந்தேகப்பட்டிருக்கிறார். அதற்குப் பிறகு என்மேல் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. நான் எதற்கு வந்தேன்? அக்கறையிலா? நான் துடைத்தெறிந்த அந்தக் கறைக்காகவா?

மறுநாள் கடலூர் அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். படை, தேமல், குஷ்டம் என்று அவர் அனுப்புகிற நோயாளிகளுக்கு ஸ்லைடு போட்டுக் கொடுத்த பழக்கம். மாமியார் அனுப்பியிருந்த கால் போட்டோவைப் போனில் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"துகள் வருதா?"

"வருது மேடம். பொங்கலப்ப தரையில பாத்தேன்."

"பாத்துட்டு?"

"தொடச்சிட்டேன் மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம் விளக்கினார். இதற்கு மதுரா கால் என்று பழைய பெயர். வெறுங்காலோடு மண்ணில் நிற்கிற ஏழை விவசாயிகளுக்கு வருகிற நோய் என்பதால் யாருக்கும் பெரிய அக்கறை இல்லை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று பூஞ்சையால் வருவது. அது மருந்துக்குச் சுலபத்தில் மசியாது. இன்னொன்று பாக்டீரியாவால் வருவது, மாத்திரையிலும் ஊசியிலும் கேட்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அந்தத் துகளை நசுக்கி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

"பூஞ்சையா இருந்தா தடியா, கயிறு மாதிரி தெரியும். மத்ததா இருந்தா ரொம்ப மெல்லிசா, நூலு மாதிரி. பெரிய மெஷின் ஒன்னும் வாணாம். உங்க லேப்ல இருக்கறதே ஜாஸ்தி. கால வெட்டறதுக்கு முன்னாடி இதப் பாக்காம வுட்டுட்டா தப்பு" என்றார்.

அன்று மத்தியானம் மாமாவுக்குப் போன் செய்தேன். முதல்முறையாக நேரடியாக அவருக்கே. புண்ணுக்குக் கட்டுகிற சுத்தமான காஸ் துணியைக் காலில் கட்டிக்கொள்ளச் சொன்னேன். காலையில் அவிழ்த்தால் துணியில் துகள் ஒட்டியிருக்கும், அதை எடுத்து சலைன் ஊற்றின சின்ன பாட்டிலில் போட்டுக்கொண்டு வர வேண்டும். அவர் மறுக்கவில்லை. மாறாக நிறையக் கேள்வி கேட்டார்.

"என்னா அளவு இருக்கும்?"

"கசகசா அளவு மாமா."

"கலரு?"

"வெள்ளையா இருக்கும், இல்லன்னா லேசா மஞ்சளா. கறுப்பா இருந்தாலும் எடுத்துக்கினு வாங்க."

"அத வச்சி நீ சொல்லிடுவியா?"

"நான் பாத்து எழுதித் தருவேன். டாக்டரம்மா சொல்லுவாங்க."

"சரி" என்று வைத்துவிட்டார். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்து, பஸ் மாறித் தனியாக வந்து சேர்ந்தார். லேப் பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினார். கலங்கின தண்ணீர், லேசாக ரத்தச் சிவப்பு, அடியில் வெள்ளைத் துகள்கள். நிறைய இருந்தன. காலைக் காட்டுங்கள் என்றேன்.

"மொதல்ல இதப் பாரு" என்றார்.

உள்ளே போய் ஒரு துகளை ஸ்லைடில் வைத்து, மேலே இன்னொரு ஸ்லைடை வைத்து அழுத்தினேன். மெத்தென்று நசுங்கும் என்று எதிர்பார்த்தேன். சட்டென்று உடைந்தது. சதையைக் கரைத்துப் பூஞ்சையை மட்டும் காட்டுகிற கே.ஓ.எச். கரைசல் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய கவர் ஸ்லிப் கண்ணாடியால் மூடி, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். கயிறும் இல்லை, நூலும் இல்லை. மீன்வலை மாதிரி, கட்டம் கட்டமாக ஒரு தோல். சுற்றிலும் எண்ணெய்க் குமிழ்கள். இன்னொரு துகளை எடுத்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். இந்த நோயின் துகளை அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை, படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒருவேளை இப்படியும் இருக்குமோ? பிறகு ஸ்லைடைச் சந்தேகப்பட்டேன், கரைசலைச் சந்தேகப்பட்டேன். புது ஸ்லைடு, புதுக் கரைசல். மறுபடியும் வலைதான்.

உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் ஓர் ஆசையும் வந்தது. வெள்ளைத் துகள் என்றால் மருந்துக்குக் கேட்கிற வகையாக இருக்க நிறைய வாய்ப்பு. 'துகள்கள் உள்ளன, பாக்டீரியா வகையாக இருக்கலாம்' என்று எழுதினால் மாத்திரை ஆரம்பித்துவிடலாம். கால் தப்பலாம். தப்பாமலும் போகலாம். சிதம்பரத்து லேப்பில் யாரோ ஒருவர் இப்படித்தான், இருக்கும் என்று நினைத்து டைப் அடித்திருப்பாரோ? கை பேனா மேல் இருந்தது. எடுக்கவில்லை.

பின்பக்க வழியாக இறங்கி, பக்கத்து மளிகைக் கடைக்குப் போனேன். கசகசா கொஞ்சம் கேட்டேன். "குருமாவா மேடம்?" என்றார் கடைக்காரர். தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன். அதில் ஒன்றை நசுக்கி, அதே கரைசல் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அதே வலை, அதே எண்ணெய்க் குமிழ்.

யார் செய்தது? மாமியார் தெரியாமல் செய்திருப்பாரா? பாட்டில் மாறிவிட்டதா? ரத்தச் சிவப்பு எப்படி வந்தது? ஒவ்வொன்றாக யோசித்துத் தள்ளிய பிறகு ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். அவர் வெளியே பெஞ்சில், ஃபேனுக்குக் கீழே, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

போய் அவர் முன்னால் நின்றேன்.

"மாமா, இது கசகசா."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "எப்பிடிச் சொல்ற?"

"மளிகைக் கடையில வாங்கி, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்தேன்."

"நல்லாப் பாத்தியா?"

"நாலு தடவ பாத்தேன்."

அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். போய்விடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளே இருந்த ஸ்டூலைக் காட்டி, "இங்க வைக்கலாமா கால?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் பொங்கியது. அதுவரை மாமனாரிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"எதுக்கு மாமா இப்பிடிப் பண்ணீங்க?"

"சிதம்பரத்துல குடுத்தனே, அதுல என்னா இருந்துச்சின்னு எவன் பாத்தான்? எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்மா. என்னைப் பொம்பளன்னு போட்ருந்தான். போய்க் கேட்டதுக்கு, அது சும்மா மிஷ்டேக்கு, வியாதி சரியாத்தான் போட்ருக்கோம்னான். ஆறு மாசம் தின்னேன். மூத்திரம் செவப்பாப் போனதுதான் மிச்சம். இப்ப கால வெட்டணும்றான். நீயும் லேப்தான். நீ மட்டும் பாப்பன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் பாக்காம வியாதின்னு எழுதிக் குடுத்திருந்தா?"

"வாங்கிக்கினு பஸ் ஏறிப் போயிருப்பேன். உங்கிட்ட ஒன்னும் கேட்ருக்க மாட்டேன்."

தண்ணீரைச் சிவப்பாக்கியது விரலில் குத்திக்கொண்ட சொந்த ரத்தம் என்று அவரே சொன்னார். என் கோபம் தணியவில்லை. ஆனால் நான் சிதம்பரத்தில் அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே அவர் சந்தேகப்பட்டிருந்தார். அதைச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது.

கையுறை மாட்டிக்கொண்டு துணியை அவிழ்த்தேன். பாதம் கல் மாதிரி கனத்துப்போய், மேல்பக்கம் முடிச்சு முடிச்சாக இருந்தது. ஐந்தாறு வாய்கள். ஒன்றின் ஓரத்தில் மெதுவாக அழுத்தியதும் நீரோடு இரண்டு துகள்கள் வெளியே வந்தன. அவர் முகம் சுளிக்கவே இல்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர எழுது அதுல" என்றார். கண்ணாடியில் கீறுகிற பென்சிலால் அவர் பெயரை எழுதினேன். "ஆம்பளன்னு போடு." ஸ்லைடில் அதெல்லாம் போடுவதில்லை. போட்டேன்.

இந்தத் துகள் மெத்தென்று நசுங்கியது. ஒரு ஸ்லைடுக்குக் கே.ஓ.எச். விட்டேன். இன்னொன்றைக் காயவைத்து, தீயில் லேசாகக் காட்டி, ஊதா சாயம், அயோடின், ஸ்பிரிட், கடைசியில் சிவப்புச் சாயம் என்று ஒவ்வொன்றாக ஊற்றிக் கழுவினேன். இந்த இரண்டு சோதனைக்கும் ஆகிற சாமான்கள் ஒரு டிபன் டப்பாவுக்குள் அடங்கிவிடும். அவர் சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டு, இது என்னாத்துக்கு, இது என்னாத்துக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் விடாமல் சொன்னேன்.

கே.ஓ.எச். ஸ்லைடில் தடித்த கயிறு எதுவும் இல்லை. சாயம் போட்டதை எண்ணெய் விட்டு லென்ஸின் கீழ் வைத்தேன். ஊதா நிறத்தில், கிளைவிட்டுச் சிக்கிக்கொண்ட நூல்கள். ரொம்ப மெல்லிசு. எனக்கு உடனே காஸ் துணியின் பஞ்சு இழையாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. பஞ்சு இவ்வளவு மெல்லிசாக இருக்காது என்று தெரியும். இருந்தாலும் அடுத்த துகளை எடுத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தேன். அதிலும் நூல்.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொள்ள அவருக்கு வரவில்லை, கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுவா?"

"இதான் மாமா."

"உயிரோட இருக்குதா?"

"இதுல செத்துடுச்சு. உங்க கால்ல இருக்கறது உயிரோட இருக்கு."

அவர் நிமிர்ந்து தன் பாதத்தைப் பார்த்தார், வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல.

ஷேர் ஆட்டோ பிடித்து, ஸ்லைடுகளைக் கைக்குட்டையில் சுற்றி டாக்டரம்மாவிடம் எடுத்துப்போனோம். அவரும் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்லைடைத் தானே பார்த்தார். இன்னும் இரண்டு நாள் துகள் எடுத்துவரச் சொல்லி அதையும் பார்த்தார். காலிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமியை வளர்த்துப் பார்க்கவும் அனுப்பினார். பிறகுதான் மருந்து ஆரம்பித்தார்: தினமும் மாத்திரை, இடைவெளி விட்டு விட்டு ஊசி. அந்த ஊசி காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம் என்பதால் அதற்கும் அடிக்கடி டெஸ்ட். ஊசி போடுகிற நாட்களில் மாமா எங்கள் வீட்டில் தங்கினார்.

மூன்றாவது வாரம், வளர்த்துப் பார்க்க அனுப்பியதில் எதுவும் வளரவில்லை என்று வந்தது. அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு நான் இடிந்துபோனேன். வளராமல் போவதும் சகஜம்தான் என்றார் டாக்டரம்மா. எனக்கு மனசு ஆறவில்லை. பழைய ஸ்லைடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்த நூல்களையே பார்த்தேன். ஒரு நாள் நூலாகத் தெரியும், ஒரு நாள் சாயத்தின் அழுக்காகத் தெரியும். நான் பார்த்தது தப்பாக இருந்தால், மருந்து ஓடுகிற மாதங்களில் நோய் மேலே ஏறிவிட்டால், அந்தச் சிதம்பரத்து டாக்டர் சொன்னதே சரி என்றாகிவிடும். வீட்டில் மாமா நடந்துபோனால் தரையைத்தான் பார்ப்பேன். நான் தரையைப் பார்ப்பதை அவர் பார்ப்பார்.

துண்டெடுத்து அனுப்பியதன் முடிவு அதற்குப் பிறகு வந்தது. ஸ்லைடில் பார்த்ததையே அதுவும் சொன்னது. கணவர் அதை வாங்கி வந்து என் மேசையில் வைத்துவிட்டு, "இப்பயாச்சும் தூங்கு" என்றார்.

ஊசி நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் மாமா, "எடது காது மந்தமா இருக்குது" என்றார். டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததை நானும் கவனித்திருந்தேன். அது ஊசியாலா, வயசாலா என்று இன்றுவரை எங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. டாக்டரம்மா ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரையோடு இன்னொரு மருந்தைச் சேர்த்தார். காது அதற்குமேல் மோசமாகவில்லை, முழுசாகத் திரும்பவும் இல்லை.

ஆடி வாக்கில் ஒரு வாய் மூடியது. பிறகு இன்னொன்று. ஐப்பசி மழையின்போது காஸ் துணி காய்ந்தபடியே வந்தது. மாத்திரையை அதற்குப் பிறகும் ரொம்ப காலம் நிறுத்தவில்லை. வீக்கம் வற்றி, பாதம் ஓரளவு பாதம் மாதிரி ஆனது. இரண்டு விரல்கள் மட்டும் மடங்குவதில்லை.

எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு நான் ஒருமுறை சிதம்பரத்து டாக்டரைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடும் எண்ணம் கொஞ்சம் இருந்தது. அவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்கிட்ட வந்த ரிப்போர்ட்ட வச்சிதான்மா நான் சொன்னேன். நான் திரும்ப ஒருதடவ சீழ எடுத்துப் பாக்கச் சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து, துகளை எப்படி எடுப்பது, எதில் போட்டு அனுப்புவது என்று கேட்டு எழுதிக்கொண்டார். போட வந்த சண்டையை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பி வந்தேன். அந்த டி.பி. ரிப்போர்ட் எப்படி வந்தது என்று மட்டும் கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த லேப் இருந்த மாடியில் இப்போது செல்போன் கடை.

நிலம் பற்றி மாமா சொன்னதாக மாமியார் சொன்னதை நான் அவரிடம் கேட்கவே இல்லை. இப்போதும் அப்படி நினைக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. செருப்புப் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போகிறார். என்னிடம் நேராகப் பேசுகிறார். அதிலும் பாதி கேள்விகள்தான்.

போன மாதம் அவர் ஊரிலிருந்து ஓர் அம்மா லேப்புக்கு வந்தார். இடுப்பிலும் தொடையிலும் படை. மெடிக்கலில் வாங்கின களிம்பு டியூபை மாதக்கணக்கில் போட்டதில் படை அடங்குவதுபோல அடங்கி, வட்டம் கலைந்து, உடம்பெல்லாம் பரவியிருந்தது. தோலைச் சுரண்டி ஸ்லைடில் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார். சுரண்டி எடுத்தேன். வெளியே பெஞ்சில் உட்காருங்கள் என்றேன். அந்த அம்மா நகரவில்லை.

"உங்க மாமனாருதான் அனுப்புனாரு. என் மருமவ நல்லாப் பாக்கும்னாரு" என்றார்.

எனக்கு முகம் மலர்ந்திருக்க வேண்டும். அவர் தொடர்ந்தார்.

"ஆனா வெளில ஒக்காராத, பக்கத்துலயே நின்னு என்னா பண்றாங்கன்னு பாத்துக்கினு இருன்னும் சொன்னாரு."

ஸ்டூலை மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கரைசல் பாட்டிலின் மூடியைத் திறந்தேன். "இது என்னாத்துக்கு?" என்றார்.